குச்சை எங்கே கட்டுவது?

வாசகர் கேள்வி:

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 33 வயது. மதுரை டவுனில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இந்தக் கிராமத்துக்கு வந்து 13 வருஷம் ஆகிறது. எங்கள் ஊரில் வீட்டுக்குத் தூரமானால் ஊர்க்கோடியில் இருக்கும் முட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மூன்று நாள் அங்கேதான். வந்த புதிதில் அழுதேன், அப்புறம் பழகிவிட்டது. இப்போது என் மகளுக்குப் பதினொன்றரை வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 'பிள்ளை இந்த வருஷமே ஆளாகிடுவா, கொல்லையில குச்சு கட்ட இடத்தை ஒதுக்கி வை' என்று மாமியார் சொல்ல ஆரம்பித்துவிட்டார். 16 நாள் குச்சு என்கிற ஓலைக் குடிசையில், அதன் பிறகு மாதாமாதம் முட்டு வீடு. என்னால் முடியாது என்றால் 'சாமி குத்தமாயிடும்' என்கிறார். கணவர் நல்லவர்தான், ஆனால் 'இதைப் போய் அம்மாகிட்ட நான் எப்படிப் பேசுறது' என்று நழுவுகிறார். மகளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. ஊரை எதிர்த்து நிற்கும் தைரியம் எனக்கு இல்லை. என்ன செய்யலாம்?"

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, மதுரை மாவட்டம்)

அன்புச் சகோதரிக்கு,

'அப்புறம் பழகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மாதம் மூன்று நாள், பதிமூன்று வருஷம். கர்ப்பமாக இருந்த மாதங்களைக் கழித்தாலும் முழுசாக ஒரு வருஷத்துக்கு மேல் வருகிறது. ஒரு வருஷம் நீங்கள் உங்கள் வீட்டில் இல்லை.

ஊரை எதிர்க்கச் சொல்லி நான் எழுதப் போவதில்லை. மகள் விஷயத்தில் மூன்றே மூன்றில் மட்டும் பேரம் கிடையாது. இரவில் அவள் தாழ்ப்பாள் உள்ள கதவுக்குள், வீட்டுச் சுவருக்குள் தூங்க வேண்டும். கழிப்பறையும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் நிற்கக் கூடாது. தனித் தட்டு, தனிப் பாய், சாமி மாடத்துப் பக்கம் போகாமல் இருப்பது, இதெல்லாம் எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் இவற்றை இப்போதைக்கு விட்டுவைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கரைக்கலாம். 'தீட்டே கிடையாது என்று சொல்ல வேண்டிய டாக்டர் இப்படிப் பேசலாமா' என்று சிலர் என்னைத் திட்டுவார்கள். தீட்டு கிடையாதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் அதைச் சொல்லிப் பார்த்தவள் நான். எல்லோரும் தலையாட்டுவார்கள், சாயங்காலம் எழுந்து முட்டு வீட்டுக்கே போவார்கள்.

முதன்முதலில் ஒரு முட்டு வீட்டுக்குள் நான் போனபோது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரே அறை, சிமெண்ட் தரை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, ஒரு பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கொண்டியில் கட்டியிருந்தார்கள். சுவரில் ஆணி அடித்து அலுமினியத் தட்டுகளை மாட்டியிருந்தார்கள், யார் வந்தாலும் அதே தட்டுகள்தான். ஆறு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி பிரசவமாகிப் பன்னிரண்டு நாளான கைக்குழந்தைக்காரி. கழிப்பறை இல்லை, கருவேலங்காட்டுக்குத்தான் போக வேண்டும். நான் அங்கேயே நின்றுகொண்டு ஒரு பெரிய பிரசங்கம் செய்தேன். முடித்ததும் வயதில் மூத்த அக்கா ஒருவர் சொன்னார்: "எல்லாம் சரித்தான் டாக்டரம்மா. ஆனா இங்க வந்தாத்தான் அடுப்படிய விட்டு மூணு நாளு இடுப்பை நிமித்துறோம். அதையும் மூடச் சொல்றீகளே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பும் வழியெல்லாம் அதுதான் மனசில் ஓடியது. முட்டு வீட்டை எடுத்தால் அந்த அக்காவுக்கு அந்த மூன்று நாளும் போய்விடும். வீட்டுக்குள் இருந்தால் "சும்மாதானே இருக்கே" என்று வேலை வந்துவிடும். அதனால் முட்டு வீட்டை எதிர்க்கிறவர்கள் வீட்டுக்குள் அவளுக்கு ஓய்வு கிடைக்கிற வழியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இதைச் சொன்னதும் "அந்தக் காலத்தில் ஓய்வுக்காகத்தான் முன்னோர்கள் வைத்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை என் தலையில் கட்ட வேண்டாம். ஓய்வுக்காக என்றால் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ஏன் கத்துகிறார்கள்? முட்டு வீட்டில் இருந்தபடியே களை எடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகிறார்களே, உங்கள் ஊரிலும் போவார்கள். வீட்டு அடுப்பைத் தொட்டால் தீட்டு, அடுத்தவர் வயலில் இறங்கினால் தீட்டு இல்லையா?

எனக்குத் தெரிந்து இந்த ஒதுக்கத்தால் வரும் பெரிய கெடுதல், பெண்கள் பொய் சொல்லப் பழகுவது. ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள் என்று தூக்கி வந்தார்கள். உதடு, நகக்கண் எல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 6 கிராம்தான் இருந்தது, அந்த வயதில் 12க்குக் குறையக் கூடாது. மூன்றாம் நாளே தலைக்குக் குளித்துவிட்டாள் என்று அம்மா சத்தியம் பண்ணினார். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டபோது மெதுவாகச் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு நாள் படுகிறதாம். மூன்றாம் நாள் நின்றுவிட்டது என்று சொல்லி வீட்டுக்குள் வந்துவிடுவாளாம். நிற்கவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் அந்த அறையில் கிடக்க வேண்டுமே. வீட்டுக்குள் துணியை எங்கே காயப்போடுவது? மாட்டுக் கொட்டகைச் சுவருக்குப் பின்னால், பாவாடைக்கு அடியில். வெயிலே படாத இடம். அந்த ஈரத் துணியையே திரும்பத் திரும்ப வைத்துத் தொடையிடுக்கெல்லாம் புண். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏற்றி, மருந்து கொடுத்து, பிள்ளை தேறிவிட்டாள். ஆனால் ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. எல்லாம் மாதவிலக்கால் வந்தது என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டில் இரும்புச்சத்து குறைவது, குடல்புழு என்று நிறைய இருக்கிறது. ஆனால் 'எத்தனை நாள் போகிறது, எவ்வளவு போகிறது' என்று வெளியே சொல்ல முடிகிற வீட்டில் இதில் ஒரு பகுதியாவது முன்னாலேயே பிடிபடும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

மாமியாரிடம் தீட்டைப் பற்றி வாதம் பண்ணாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவரவர் வேலையில் இருக்கும் ஒரு மத்தியானத்தில், பூ கட்டும்போதோ புளி நறுக்கும்போதோ, "அத்தை, உங்களுக்கு முதல் தடவை வந்தப்ப யாரு சொன்னா? பயந்தீகளா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மகளிர் குழுக் கூட்டங்களில் நான் இதைக் கேட்காத ஊர் இல்லை. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்: "கம்மாயில இறங்குனேன், அட்டை கடிச்சிருச்சுன்னு நெனச்சேன். சுண்ணாம்பு எடுக்க வீட்டுக்கு ஓடியாந்தா, வாசல்லயே எங்காத்தா நிறுத்திப்புட்டா." அதுவரை சிரிப்பு. அப்புறம் மழையில் குச்சு ஒழுகியது, ராத்திரி நரி ஊளையிட்டது என்று சொல்லச் சொல்ல முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது. அவரை அறுபது வருஷமாக யாருமே இதைக் கேட்டதில்லை. உங்கள் மாமியாரிடமும் இப்படி ஒன்று இருக்கும். அதைச் சொல்லி முடித்த அன்றே பேத்தியைப் பற்றிப் பேச வேண்டாம். இரண்டு மூன்று நாள் போகட்டும்.

சாமி குற்றத்தைப் பற்றியும் நேராகச் சண்டைக்குப் போக வேண்டாம். அவருடைய பயம் நிஜமான பயம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூட 'மருமக தொட்டுட்டா' என்று ஊர் பேசும், அந்தப் பேச்சு அவர் மேல்தான் முதலில் விழும். அவரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: உங்கள் ஊரிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப்போன குடும்பங்கள் எத்தனை? ஒற்றை அறை வாடகை வீட்டில் அந்தப் பெண்கள் அந்த மூன்று நாளும் எங்கே போகிறார்கள்? அதே சாமிக்குத்தானே வருஷா வருஷம் திருவிழாவுக்கு வந்து பொங்கல் வைக்கிறார்கள்? அங்கே பொறுத்துக்கொள்கிற சாமி இங்கேயும் பொறுத்துக்கொள்ளாதா? இந்தக் கேள்வி நான் கண்டுபிடித்ததில்லை. தே. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் தன் மாமியாரிடம் கேட்டு எனக்குச் சொன்னது. அந்த மாமியார் பதில் சொல்லாமல் வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டாராம்.

இப்போது குச்சு. குச்சு கட்டுவது யார்? தாய்மாமன். உங்கள் கூடப்பிறந்தவர். உங்கள் ஊர் வழக்கமே உங்கள் கையில் கொடுத்திருக்கும் துருப்புச்சீட்டு இது, இதை நீங்கள் யோசிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் அண்ணனோ தம்பியோ, அவரிடம் இப்போதே பேசுங்கள். அவர் ஓலை கொண்டு வரட்டும், முறைப்படியே கொண்டு வரட்டும். கட்டுகிற இடத்தை மட்டும் அவர் சொல்லட்டும்: "எம் மருமகளுக்கு நான் கட்டுற குச்சு, வீட்டுக்குள்ள கட்டுறேன்." உள்ளறையிலோ முற்றத்துத் திண்ணையிலோ நான்கு பச்சைத் தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்துச் சடங்கை முடிக்கும் குடும்பங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு அவள் உங்கள் பக்கத்தில் படுப்பாள். தாய்மாமன் பேச்சைத் தட்ட உங்கள் மாமியாருக்கே கொஞ்சம் தயக்கம் இருக்கும்.

வெளியே கட்டினால்தான் என்ன என்று யாராவது கேட்டால், 2018 நவம்பரை நினைவுபடுத்துங்கள். கஜா புயல் அடித்த இரவு, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், அப்போதுதான் வயதுக்கு வந்திருந்த ஒரு சிறுமியை வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைத்திருந்தார்கள். தென்னை மரம் குடிசை மேல் விழுந்து அந்தப் பிள்ளை இறந்துபோனாள். புயல் வரப்போவது முன்னாலேயே தெரிந்ததுதான். புயல் இல்லாத நாளிலும் பாம்பு, தேள், குடித்துவிட்டு வழி தவறி வருகிற ஆள் என்று கொல்லைப்புறத்துக்குக் காவல் கிடையாது. மூலையில் வைக்கிற வேப்பிலையும் இரும்புத் துண்டும் இதற்கெல்லாம் ஆகாது.

கலெக்டரிடம் மனுக் கொடுத்து முட்டு வீட்டையே இடிக்கச் சொல்லலாமே என்றும் யாராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள். நேபாளத்தில் இதே மாதிரி 'சௌபடி' என்று ஒரு வழக்கம். 2005இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017இல் மூன்று மாதச் சிறை அல்லது 3,000 ரூபாய் அபராதம் என்று சட்டமும் போட்டார்கள். அதற்கப்புறமும் 2019 ஜனவரியில் ஒரு தாயும் இரண்டு பையன்களும் குளிருக்கு மூட்டிய நெருப்பின் புகையில் அந்தக் குடிசைக்குள்ளேயே இறந்தார்கள். சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயம் அப்படியே இருக்கும்போது கட்டடத்தை மட்டும் இடித்தால் அடுத்த மாதம் பெண்கள் மாட்டுக் கொட்டகையில் ஒதுங்குவார்கள். அதுவரை கிராம சபையில் அந்த அறைக்கு ஒரு தாழ்ப்பாள், ஒரு விளக்கு, ஒரு கழிப்பறை கேளுங்கள். வசதி செய்து கொடுத்தால் முட்டு வீடு நிரந்தரமாகிவிடாதா என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. ஆனால் இன்றைக்கு ராத்திரி அங்கே படுக்கப் போகிறவளை நினைத்தால் தாழ்ப்பாள்தான் முதலில்.

கணவரைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் அம்மாவிடம் பேச வேண்டாம். கடைக்குப் போய் ஒரு பேட் பாக்கெட் வாங்கி, பேப்பரில் சுற்றாமல், கறுப்புக் கவரில் போடாமல், கையில் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைக்கட்டும். அம்மா பார்ப்பார், அவ்வளவு போதும். வெட்கமாக இருக்கிறது என்றால் கோவைக்காரர் அருணாச்சலம் முருகானந்தத்தைச் சொல்லுங்கள். மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்ததில் ஆரம்பித்து, ஊர் கேலி பேசியும் விடாமல், மலிவாக நாப்கின் செய்ய இயந்திரம் கண்டுபிடித்தவர். 2016இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உங்கள் கணவர் இயந்திரமெல்லாம் செய்ய வேண்டாம், பாக்கெட்டை வாங்கி வந்தால் போதும்.

மகளிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். பதினொன்றரை வயது, மார்பு வளர ஆரம்பித்திருந்தால் அதிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை வருஷத்துக்குள் வந்துவிடும். சில மாதமாக ஜட்டியில் வெள்ளையாகப் படுகிறது என்றால் இன்னும் சீக்கிரம். 'உட்கார், உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்' என்று ஆரம்பித்தால் பிள்ளை பயந்துவிடும். துணி மடிக்கும்போது சொல்லுங்கள். வயிற்றுக்குள் கருப்பை என்று ஒரு பை இருக்கிறது, அவள் கை மூடின அளவுகூட இருக்காது. குழந்தை வந்தால் படுக்க அது மாதாமாதம் உள்ளே ஒரு மெத்தை தைத்து வைக்கும். குழந்தை இல்லை என்றால் அந்த மெத்தையைக் கழற்றி வெளியே அனுப்பிவிடும். அதுதான் இது. கெட்ட ரத்தம் இல்லை, அழுக்கும் இல்லை. பார்க்கத்தான் நிறைய மாதிரி இருக்கும். மொத்தமாகச் சேர்த்தாலும் பெரும்பாலும் 30 முதல் 60 மில்லி, ஒரு சின்ன காபி டம்ளர்கூட நிரம்பாது. முதல் இரண்டு வருஷம் தேதி முன்னே பின்னே ஆகும், நாற்பது நாள், நாற்பத்தைந்து நாள்கூடத் தள்ளும். பயப்பட வேண்டியதில்லை. ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ, பதினைந்து வயதாகியும் வரவில்லை என்றாலோ டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வலிக்கு மாத்திரை கொடுத்தால் கர்ப்பப்பை கெட்டுப்போகும் என்பார்கள். கெடாது. கருப்பைச் சதை சுருங்குவதால் வரும் வலி அது, சாப்பிட்டுவிட்டு டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை போட்டால் அடங்கும், வெந்நீர் ஒத்தடமும் கேட்கும். உங்கள் மாமியார் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிச் சாப்பிடட்டும், நல்ல சாப்பாடு. பச்சை முட்டை மட்டும் வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள்.

சடங்கு வைப்பதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் பெயர் சொல்லவே கூசுகிற விஷயத்துக்குப் பஸ் ஸ்டாப்பில் பிள்ளையின் படத்தோடு ஃபிளக்ஸ் வைக்கிறார்கள் பாருங்கள், அதை இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. வகுப்புப் பையன்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் பள்ளிக்கு வருவார்கள். வைக்கலாமா என்று பிள்ளையைக் கேளுங்கள், அவள் சொல்வதுதான் முடிவு.

பேட் விஷயம். 'புதுயுகம்' திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு பேட் கொண்ட மூன்று பாக்கெட் இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் ஊர் நர்சம்மாவிடமோ பள்ளியிலோ பெயர் கொடுத்து வையுங்கள். ஆனால் கணக்குப் போடுங்கள்: மாதத்துக்கு ஒன்பது வருகிறது. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். இதனால்தான் பிள்ளைகள் ஒரே பேடை நாள் பூராவும் வைத்திருக்கிறார்கள். மீதிக்கு வாங்குங்கள், இல்லாவிட்டால் சுத்தமான பருத்தித் துணி தாராளமாகப் போதும். துணியில் எந்தக் கெடுதலும் இல்லை, ஒளித்துக் காயப்போடுவதில்தான் கெடுதல். கொடியில், நல்ல வெயிலில், எல்லாத் துணியோடும் காயட்டும். முதல் மாதம் மாமியார் எடுத்து உள்ளே போடுவார். நீங்கள் திரும்பக் கொண்டுபோய்ப் போடுங்கள், ஒன்றும் பேச வேண்டாம்.

பள்ளிப் பையில் ஒரு சின்னத் துணிப்பை இருக்கட்டும்: இரண்டு பேட், ஒரு ஜட்டி, மடித்த பழைய பேப்பர். எந்த டீச்சரிடம் போய்ச் சொல்லலாம் என்று அவளையே ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பாவாடையில் கறை பட்டால் உலகம் முடிந்துவிடாது என்றும் சொல்லிவையுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசினால் போய்விடும், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். இதை மட்டும் பேத்திக்கு உங்கள் மாமியாரையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.